யோம் கிப்பூர் முடியும் இரவுக்கு

2025 செப்டம்பர் 21, ஞாயிறு. நியூயார்க்

உண்ணாமல், குடிக்காமல், வேலை செய்யாமல் இருக்கும் யூத நோன்பு நாள் யோம் கிப்பூர். அது முடிந்ததும் வீட்டில் சாப்பிட 14 பேர். அக்டோபர் 2, வியாழன் இரவு ஏழேகால் தாண்டித்தான் நோன்பு முடியும். சமையலோ முந்தின நாள் மாலை 6:38க்கு, சூரியன் மறையும் முன்பே முடிந்திருக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் அடுப்பு மூட்டக் கூடாது, அரைக்கக் கூடாது, பிழியக் கூடாது. இரவுச் சாப்பாட்டுக்காக மேசை விரிப்பதுகூட இல்லை. ஒரு நாள் முழுக்கக் குளிரில் கிடந்தும் சுவை குறையாத பண்டம்தான் வேண்டும்: பேகல் (வளைய ரொட்டி), புகையிட்ட மீன், முட்டை, நூடுல்ஸ் கூகெல் (முட்டை, சீஸ் கலந்து ஓவனில் சுடுவது). பால் பண்டங்கள் என்பதால் இறைச்சிக்கு இடமில்லை, யூத உணவு விதிப்படி இரண்டும் சேரக் கூடாது. 25 மணி நேரம் காய்ந்த வயிற்றுக்கும் இதுதான் நல்லது.

குடிக்க, பெபிதாதா. துருக்கி, கிரேக்க யூதர்கள் நோன்பை முடிக்கும் முலாம்பழ விதைப் பால். ஒரு பழத்தில் அரைக் கோப்பை விதைகூடத் தேறாது. எனக்கு இரண்டு கோப்பை வேண்டும்.

செப்டம்பர் 22

விதையின் கொழகொழப்பு போக மூன்று தண்ணீரில் அலச வேண்டும். இல்லாவிட்டால் காய்வதற்குள் பூசணம் பிடித்துவிடும்.

செப்டம்பர் 25, வியாழன்

கெதல்யா நோன்பு. விடியலில் தொடங்கி இருட்டியதும் முடிகிற சின்ன நோன்புதான். ஆனாலும் பிற்பகலில் பாதிப் பேருக்குத் தலைவலி. பசியால் அல்ல, காபி நின்றதால். இன்றிலிருந்தே குறைத்தாக வேண்டும்: மூன்று குவளை இரண்டாகி, ஒன்றாகி, செவ்வாயன்று அரைக் குவளை.

மீன் கணக்கு. ஆளுக்கு 60 கிராம், எல்லாருக்கும் 840. ஒரு கிலோவாக வாங்கலாம். உப்பில் மட்டும் ஊறிய லாக்ஸ் சால்மன் வேண்டவே வேண்டாம், இரவு முழுக்கத் தாகம் எடுக்கும். குளிர்புகையிட்ட நோவா சால்மன் போதும். விருந்தினரில் இருவர் மீனையும் பாலையும் கலந்து சாப்பிடாதவர்கள். கிரீம் சீஸில் மீனைப் பிசைந்து வைத்தால் அவர்களுக்கு அது ஆகாது. மீன் ஒரு தட்டில், சீஸ் வேறு தட்டில், தனித்தனிக் கத்தி. வெள்ளைமீன் சாலட் மயோனைஸில்தான். முள்ளை விரலால் தடவித் தடவி எடுக்க வேண்டும், கண்ணை நம்ப முடியாது.

செப்டம்பர் 26

விதை ஒன்றரைக் கோப்பை. இன்னும் ஒரு பழமாவது வேண்டும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று கூகெல் யோசனையிலேயே போனது. 33×23 செ.மீ. தட்டுக்கு: அகல முட்டை நூடுல்ஸ் 340 கிராம், முட்டை 6, காட்டேஜ் சீஸ் 450 கிராம், சவர் கிரீம் 450 கிராம், உருக்கிய வெண்ணெய் 115 கிராம், சர்க்கரை 120 கிராம், ஒரு கைப்பிடி உலர்திராட்சை, ஒரு தேக்கரண்டி பட்டைத்தூள், உப்பு. 175 டிகிரியில் 50 முதல் 60 நிமிடம்.

கெடுவது இரண்டு இடங்களில். ஒன்று, நூடுல்ஸை முழுக்க வேகவிடுவது. பொட்டலத்தில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடிக்க வேண்டும், மீதி வேக்காடு முட்டைக் கலவையில் நடக்கும். இரண்டு, காட்டேஜ் சீஸின் நீர். வடிகட்டியில் அரை மணி நேரம் போடாவிட்டால் அடியில் தண்ணீர் நிற்கும், மறுநாள் சூடாக்கும்போது இன்னும் கசியும். மேலே துருத்தும் நூடுல்ஸ் பல்லை உடைக்கும். கலவைக்குள் அழுத்திவிட்டு, கடைசி இருபது நிமிடம் ஃபாயில் மூட வேண்டும்.

கண்ணாடித் தட்டு கூடாது. குளிர்பெட்டியிலிருந்து நேராகச் சூடான ஓவனுக்குப் போனால் வெடித்துவிடும். அலுமினியத் தட்டுதான்.

செப்டம்பர் 29

தாத்தா. மருத்துவரும் ரப்பியும் (யூத மதகுரு) ஒரே சொல்லாகச் சொல்லியாயிற்று, தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்று. உயிருக்கு ஆபத்து என்றால் குடிப்பதுதான் கட்டளை. நோன்பு முறிந்ததாகக் கருதாத வழி இது: 30 மி.லி., ஒன்பது நிமிட இடைவெளி விட்டு இன்னொரு 30 மி.லி. மருந்து பாட்டிலோடு வரும் அளவுமூடி சரியாக அந்த அளவு. இன்றே நீரூற்றிச் சரிபார்த்தேன். முள் தெரிகிற கடிகாரம் நாற்காலிக்கு எதிரே வேண்டும், கைக்கடிகாரம் அவருக்குத் தெரியாது. தலைசுற்றினால் அளவும் இல்லை, இடைவெளியும் இல்லை, உடனே வேண்டிய அளவு கொடுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் எல்லாருக்கும் இதைச் சொல்ல வேண்டும். அவர் மறுப்பார். மறுக்கக் கூடாது என்று ரப்பியே அவரிடம் நேரில் சொன்னால் தேவலை.

செப்டம்பர் 30, செவ்வாய்

விதை இரண்டு கோப்பை! 150 டிகிரியில் இருபது நிமிடம் வறுத்தாயிற்று. வெளிறிய பொன்னிறத்தோடு நிறுத்த வேண்டும், சிவந்தால் கசக்கும். தோலோடு அரைத்து, மெல்லிய துணியில் கட்டி இரண்டு லிட்டர் தண்ணீரில் காலை பத்து மணிக்கே குளிர்பெட்டியில் ஊறப்போட்டாயிற்று. ஒரு நாள் ஊற வேண்டும். நாளை ஊறவைத்தால் பிழிவது யோம் கிப்பூரில் விழும், அது முடியாது.

பேகல் 20. வாங்கிய உடனே குறுக்கே பிளந்து, இரட்டை உறையிட்டு ஃப்ரீசரில். குளிர்பெட்டியில் வைத்தால் மேசையில் கிடப்பதைவிடச் சீக்கிரம் விறைத்துவிடும்.

கூகெல் ஓவனில்.

அக்டோபர் 1, காலை

தேங்காய்ப்பால் பிழிவதுபோல மூட்டையை முறுக்கிப் பிழிந்தேன். வெள்ளை வெளேரென்று வந்தது, எவ்வளவு நல்ல மணம்! அரைக் கோப்பை சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி ரோஜாப் பன்னீர். நாளை இரவுக்குள் அடியில் வண்டல் படியும், குலுக்கினால் சரியாகிவிடும்.

நோன்பு நாளை முடித்துவைக்கும் ஹவ்தலா சடங்குக்குத் திராட்சைச் சாறு எடுத்து வைத்தாயிற்று. சனி இரவு அல்ல, வியாழன் என்பதால் சடங்குக்கு வாசனைப் பொருள் தேவையில்லை. ஆனால் நெருப்பு நோன்புக்கு முன்பே ஏற்றியதாக இருக்க வேண்டும். 24 மணி நேர மெழுகுவர்த்தி போதாது, அணைந்துவிடும்.

பிற்பகல்

நோன்புக்கு முந்தைய சாப்பாடு: கோழிச் சாறில் கிரெப்லாக் (பூரணம் வைத்த மாவுக் கொழுக்கட்டை), சோறு, உப்புக் குறைவு, காரம் இல்லை. தண்ணீரைக் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக. கடைசியில் ஒரு லிட்டரை மடமடவென்று ஊற்றிக்கொள்வதால் பயனில்லை.

5:40

மேசை விரித்தாயிற்று. கடிகாரமும் அளவுமூடியும் தாத்தா நாற்காலி அருகே. ரப்பி வந்து பேசிவிட்டார்.

நாளை வரிசை: நோன்பு முடிந்ததும் முதலில் பெபிதாதா வெளியே, சில்லென்று வேண்டாம். கூகெல் மூடி போட்டு 175இல் 30 நிமிடம். கடைசிப் பத்து நிமிடம் பேகல், ஃப்ரீசரிலிருந்து நேராக. வெங்காயம் நறுக்கி மூடியாயிற்று. தக்காளி நாளை இரவுதான், இன்றே நறுக்கினால் நீர்விட்டுவிடும்.