தேறாத எழுபது பேரைப் போலிருந்த நான் ஆர்த்தோ கேஸ் முடித்த விதம்

இறுதியாண்டுத் தேர்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போதும் எனக்கு ஒரு முழங்காலை முறையாகப் பரிசோதிக்கத் தெரியாது. எம்.பி.பி.எஸ்ஸில் எலும்பியலுக்கென்று தனித் தாள் கிடையாது, சர்ஜரிக்குள்ளேயே அடங்கிவிடும். அதனால் எலும்பியல் வார்டுப் பயிற்சியான ஆர்த்தோ போஸ்டிங்கில் பின்வரிசையில் நின்று எக்ஸ்ரே பார்த்து, லாக் புக்கில் கையெழுத்து வாங்கியதோடு சரி. குமரி மாவட்டத்தில் படித்துக்கொண்டு இப்படி இருந்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. பனையிலிருந்து விழுந்தவர், ரப்பர் பால் வெட்டி முதுகு பிடித்தவர், வள்ளம் தள்ளித் தோள் விலகியவர் என்று தினமும் ஓபியில் ஆட்கள் காத்திருப்பார்கள்.

அந்த வருடம் டீனாக வந்தவர் எலும்பு அறுவை மருத்துவர். முதல் வகுப்பிலேயே, 1998-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைப் பற்றிச் சொன்னார். படிப்பை முடித்துப் பயிற்சிக்கு வந்த 85 மருத்துவர்களுக்கு எலும்பு, மூட்டு, தசை பற்றி அடிப்படைத் தேர்வு வைத்ததில் 70 பேர் தேறவில்லையாம். "உங்களுக்கு இப்போ வெச்சா?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை.

டீன் என்பதால் அவரால் கால அட்டவணையைத் தொட முடிந்தது. காலை 7 மணிக்கு, அலுவலகக் கோப்புகள் வருமுன், வார்டில் வகுப்பு. அனாடமி ஆசிரியரும் எலும்புகளோடு கட்டில் பக்கத்தில் நிற்பார். முதலாண்டில் மனப்பாடம் செய்த தசை நோயாளியின் காலில் அசைவதை அங்கேதான் பார்த்தேன்.

நோயாளியிடம் மூன்று கேள்வியில் தொடங்கச் சொன்னார் டீன் சார். மூட்டிலோ தசையிலோ முதுகிலோ வலி, விறைப்பு உண்டா? தானாக உடை உடுத்த முடிகிறதா? படி ஏறி இறங்க முடிகிறதா? திருவட்டாரிலிருந்து வந்த ஓர் அம்மச்சி மூன்றாவது கேள்விக்கு, "ஏறிருவேன் மக்களே, இறங்கத்தான் முடியல்ல" என்றார். முழங்கால் சில்லுக்குப் பின்னால் தேய்மானம் இருந்தால் இறங்கும்போதுதான் அதிகம் வலிக்கும் என்று சார் அங்கேயே விளக்கினார். அது இனி எனக்கு மறக்காது.

ஒருநாள் கொல்லாமரத்திலிருந்து (முந்திரி மரம்) விழுந்த ஏழு வயதுப் பையன் வந்தான். முழங்கை முறிவு. ஊரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் ஆசான் மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார். விரல்கள் வீங்கிப் பளபளத்தன. நாடி இருக்கிறது என்று சொல்லி நான் விலகினேன். "நாடி இருக்குன்னு விட்டுராதே. விரலை மெதுவா நீட்டிப் பாரு" என்றார் சார். கால் அங்குலம் நீட்டியதும் பையன் அலறினான். கட்டை உடனே வெட்டியெடுத்து, தியேட்டருக்குக் கொண்டுபோய், வீக்கத்தால் உள்ளே ஏறிய அழுத்தம் குறையத் தசையுறையைத் திறந்தார்கள். சில மணி நேரம் தாமதித்திருந்தால் தசை செத்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கியிருக்கும். ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபோல்க்மன் 1881-இல் விவரித்த அதே தசைச் சுருக்கம். பையனின் அம்மா, "ஆசான் கெட்டினது சார்" என்று அழுதார். சார் ஏசவில்லை. ஏசினால் அடுத்தவர் இன்னும் தாமதமாகத்தான் வருவார். அது சரியென்றே எனக்கும் படுகிறது.

தேர்வில் முழங்கால் கேஸ் விழுந்தது. மூன்று கேள்வி கேட்டு, நோயாளியை நடக்கவிட்டுப் பார்த்து, பிறகே கை வைத்தேன். பாஸ்.

டீன் மாற்றலாகிவிட்டார். 7 மணி வகுப்பு நிற்கவில்லை. ஹவுஸ் சர்ஜன்களான நாங்கள் ஆளுக்கொரு வாரம் ஜூனியர்களைக் கூட்டிப் போகிறோம். வரும் திங்கள் என் முறை, தோள்பட்டை.