ரெண்டு சைக்கிள், ஒரு ஆள்

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கிற நாளில் எங்க ஊர் ரோட்டைப் பார்க்கணும். (2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குன்னு தொடங்கின திட்டம், இப்போ பையன்களுக்கும் உண்டு.) பழைய சைக்கிளில் பள்ளிக்கு வந்த பிள்ளை புதுசை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோகும்? புதுசில் ஏறிக்கிட்டு, பழசைக் கையில் பிடிச்சு இழுத்துக்கிட்டுதான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. இழுத்து வர்ற சைக்கிள் இடப்பக்கம், ரோட்டோரமா இருக்கணும். அதோட கைப்பிடியைப் பிடிச்சா சடார்னு திரும்பி நம்ம காலை வாரிவிட்டுடும். ஹேண்டில்பாரின் நட்டநடுவே பிடிச்சா சொன்ன பேச்சு கேட்கும். வலது பக்கம் திரும்புறது சுலபம். இடது பக்கம் திரும்பும்போதுதான் பெடலும் பெடலும் மோதும்; அங்கே இறங்கித் தள்ளினா மானம் ஒண்ணும் போயிடாது.

பெரிய சிக்கல் பிரேக். இடது கை மாட்டிக்கிச்சு, அதாவது பின் பிரேக் போச்சு. நம்ம ஊர் சைக்கிளில் வலது கைக்கு வர்றது முன் பிரேக். வேகத்தில் அதை மட்டும் இறுக்கிப் பிடிச்சா குப்புற விழ வேண்டியதுதான். மெதுவாப் போகலாம், இறக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

நேத்து ஒரு பொண்ணு இப்படித்தான் வந்துக்கிட்டிருந்தா. புது சீட்டில் பாலித்தீன் கவர்கூடப் பிரிக்கலை. பின்னாடி வந்த டவுன் பஸ் டிரைவர் ஒரு ஹாரன்கூட அடிக்காம மார்க்கெட் வரைக்கும் பொறுமையா உருட்டிட்டு வந்தார். தினமும் நம்மளை விரட்டுற அதே மனுஷன்தானான்னு எனக்கே சந்தேகம்!