செம்மறிகளோடு ஒரு நடை

செம்மறிகளைக் கூட்டிக்கொண்டு காலாற நடக்கப் போனால் வேகமாகப் போக முடியாது, அது மட்டும் உறுதி. நாலு அடிக்கு ஒரு தரம் நின்று எதையாவது மேயும். மேல்தாடையில் முன்பல்லே கிடையாது, அந்த இடத்தில் கெட்டியான ஈறுதான், அதில் புல்லை அழுத்திப் பிடித்து வெடுக்கென்று இழுக்கிற சத்தம் கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

சரி, மேயட்டும் என்று நானும் காட்டுப்பூக்கள் பக்கம் குனிந்துவிட்டேன். யாரும் நட்டதில்லை, தண்ணீர் ஊற்றியதில்லை, ஆனால் தேனீக்கள் மொய்ப்பது என்னவோ அங்கேதான். ஒரு தேனீயை மட்டும் விடாமல் கவனித்தேன்: மஞ்சள் பூ, அடுத்ததும் மஞ்சள், பக்கத்திலேயே ஊதாப்பூ தலையாட்டினாலும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு தடவை கிளம்பினால் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் சுற்றும், அதனால்தான் மகரந்தம் சரியான செடிக்குப் போய்ச் சேர்கிறது. பின்னங்கால்கள் இரண்டிலும் மகரந்தத்தை உருட்டி மூட்டை கட்டியிருந்தது. தேனீக்குச் சிவப்பு தெரியாது, ஆனால் நம் கண்ணுக்குப் படாத புறஊதாக் கோலங்கள் இதழ்களில் தெரியும். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

அப்புறம் என்ன, நான் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பூவையே குட்டி வந்து தின்றுவிட்டது. நல்லவேளை, தேனீ அதற்குள் அடுத்த பூவுக்குப் போயிருந்தது, மஞ்சள்தான்.