விர்ச்சுவல் மெஷினுக்கு ரேமும் டிஸ்க்கும் கூட்டிய அனுபவம்

டேட்டாபேஸ் ஓடும் ஒரு விர்ச்சுவல் மெஷின் (நிஜக் கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய கணினி), வேலை குவியும் நேரங்களில் திணறிக்கொண்டிருந்தது. 4 ஜிபி ரேம், 2 விசிபியு (மெஷினுக்கு ஒதுக்கிய மெய்நிகர் சிபியு), 40 ஜிபி டிஸ்க். சிபியுவை இரட்டிப்பாக்கிவிடலாம் என்பதுதான் எல்லோருடைய யோசனையும். எதையும் கூட்டுவதற்கு முன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க விரும்பினேன்.

நினைவகம், சிபியு நிலவரம் காட்டும் விஎம்ஸ்டாட் கட்டளையை ஓடவிட்டதும் விஷயம் தெளிவானது. ஸ்வாப் போக்குவரத்து, அதாவது ரேமில் இடமில்லாமல் டேட்டாவை டிஸ்க்குக்குத் தள்ளுவதும் திரும்ப எடுப்பதும், நிற்கவே இல்லை. சிபியு பாதி நேரம் டிஸ்க்குக்காகக் காத்துக் கிடந்தது. கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிவில், நினைவகம் தீர்ந்துபோய் டேட்டாபேஸ் கொல்லப்பட்ட தடயமும் இருந்தது. ஆக, பற்றாக்குறை ரேமில். விசிபியுவைத் தொடவில்லை. ஹோஸ்டில், அதாவது இந்த மெஷின்களைத் தாங்கும் நிஜக் கணினியில், இருக்கும் உண்மையான கோர்களை எல்லா மெஷின்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்றுக்கு அள்ளிக் கொடுத்தால் மற்றவற்றின் காத்திருப்பு கூடும். டாப் கட்டளையில் 'எஸ்டி' என்று வருமே, நிஜ சிபியுவுக்காக மெஷின் காத்திருந்த நேரம், அந்த எண் ஏறும்.

ஹோஸ்டில் 32 ஜிபி ரேம். மற்ற மெஷின்களுக்குக் கொடுத்ததையும் ஹோஸ்டின் சொந்தத் தேவையையும் கழித்தபின், இன்னும் 4 ஜிபி கொடுக்க இடம் இருந்தது. முழு பேக்கப் எடுத்து, அதை வேறொரு மெஷினில் திறந்து பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன்.

எங்களுடையது கேவிஎம் (லினக்ஸில் விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் வசதி), லிப்விர்ட் (அவற்றை நிர்வகிக்கும் மென்பொருள்) அமைப்பு. அதில் ரேமுக்கு இரண்டு எண்கள் உண்டு: அதிகபட்ச நினைவகம், தற்போதைய நினைவகம். அதிகபட்சத்தை உயர்த்த மெஷினை அணைத்தாக வேண்டும். லிப்விர்ட்டின் விர்ஷ் கருவியில் 'செட்மேக்ஸ்மெம்' கொடுத்து 8 ஜிபி ஆக்கினேன். அதோடு விட்டால் உள்ளே பழைய 4 ஜிபிதான் தெரியும், மெஷினுக்குள் இருக்கும் பலூன் டிரைவர் என்ற மென்பொருள் மீதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தற்போதைய நினைவகத்தை மாற்றும் 'செட்மெம்' கட்டளையையும், அமைப்பில் பதியவைக்கும் 'கான்ஃபிக்' தெரிவுடன் கொடுத்தால்தான் முழுதும் கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. கெஸ்டுக்குள், அதாவது விர்ச்சுவல் மெஷினுக்குள், இருந்து ரீபூட் செய்தால் புதிய அமைப்பு ஏறாது, ஏனென்றால் ஹோஸ்டில் அந்த மெஷினை ஓட்டும் க்யூஎம்யூ ப்ராசஸ் அப்படியே தொடர்கிறது. முழுக்க அணைத்து, ஹோஸ்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

டிஸ்க்தான் பொறுமை கேட்ட பகுதி. மெஷின் அணைந்திருந்தபோதே க்யூஎம்யூ-இமேஜ் கருவியால் 40 ஜிபியை 80 ஆக்கினேன்; அது நொடியில் முடிந்தது. அப்புறம் மெஷினைத் தொடங்கி டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே போட்டுப் பார்த்தால் டிஸ்க் 80, பார்ட்டிஷன் (டிஸ்க்கில் வகுத்த பிரிவு) அதே பழைய அளவு. அங்கிருந்து ஒவ்வொரு அடுக்காக ஏற வேண்டும். பார்ட்டிஷனை க்ரோபார்ட் நீட்டும். பிவிரீசைஸ் அந்த இடத்தை எல்விஎம்முக்கு (டிஸ்க் இடத்தை வால்யூம்களாகப் பிரித்துத் தரும் அடுக்கு) தெரிவிக்கும். எல்விஎக்ஸ்டெண்டுக்கு 'ஆர்' தெரிவு கொடுத்தால் வால்யூமோடு, அதன் மேல் கோப்புகளை வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டமும் சேர்ந்து வளரும். எங்கள் மெஷினில் ரூட் பார்ட்டிஷன் (இயங்குதளம் இருக்கும் பிரிவு) கடைசியில் இருந்தது, அதனால் சுலபம். அதற்குப் பின்னால் ஸ்வாப் பார்ட்டிஷன் உட்கார்ந்திருந்தால் முதலில் அதை அகற்ற வேண்டியிருக்கும்.

டிஸ்க் அளவில் தாராளம் காட்டாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தை வளர்த்தபின் பழைய அளவுக்குச் சுருக்க வழி கிடையாது. இன்னொரு வகையான இஎக்ஸ்டி4-ஐச் சுருக்கலாம், ஆனால் அன்மவுண்ட் செய்து, பயன்பாட்டிலிருந்து விலக்கிவிட்டுத்தான். ரேமை என்றைக்கும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், டிஸ்க் அப்படி இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் டேட்டாபேஸுக்குப் புது ரேம் வந்தது தெரியாது. எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல்லில், டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் 'இன்னோடிபி பஃபர் பூல்' அளவு நாம் எழுதிக் கொடுத்த எண்ணிலேயே நிற்கும். எதுவும் எழுதாவிட்டால் 128 எம்பி மட்டும். எங்களுடையதில் 2 ஜிபி இருந்தது, 5 ஜிபி ஆக்கினேன். மீதியை இணைப்புகளுக்கும் இயங்குதளத்துக்கும் விட்டுவைத்தேன்.

அடுத்து வேலை குவிந்தபோது விஎம்ஸ்டாட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். ஸ்வாப் நெடுவரிசைகளில் பூஜ்யம். டிஸ்க்குக்கான காத்திருப்பும் பெரிதாகக் குறைந்திருந்தது. அந்த 2 விசிபியுவே தாராளமாகப் போதுமானதாக இருந்தது.