இறக்கையில் நீலக் கறை: ஒட்டுப் போடுவதா, பிரித்து அடைப்பதா?

ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளி ஓடுதளத்தில் நின்ற நான்கு இருக்கை விமானத்தின் இடது இறக்கையடியில் நீலக் கறை. 100எல்எல் எனும் விமானப் பெட்ரோலில் நீலச் சாயம் உண்டு என்பதால் கசிவு மறையாது. இதில் தனி டேங்க் கிடையாது. இறக்கையின் தகடு, ஸ்பார் (நீளவாக்குச் சட்டம்), ரிப் (குறுக்குச் சட்டம்) இவையே டேங்க். இணைப்புகளை உள்ளிருந்து அடைத்திருப்பது பாலிசல்ஃபைடு சீலன்ட், அதாவது ரப்பர் போல இறுகும் பசை.

முதலில் கசிவின் அளவு. கறையைத் துடைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். ஈரம் முக்கால் அங்குலத்துக்குள் நின்றால் கண்காணிப்பில் வைக்கலாம். சொட்டினால் பறக்கக் கூடாது. கேபினிலோ வயரிங் அருகிலோ பெட்ரோல் வாடை வந்தால் இந்த அளவுக் கணக்கே செல்லாது, விமானத்தை நிறுத்தியே ஆக வேண்டும்.

சீலன்ட்டைக் குறை சொல்லும் முன் டிரெயின் வால்வின் (அடியில் வடிக்கும் வால்வு) ஓ-ரிங், அளவுமானியின் கேஸ்கெட், மூடியின் ரப்பர் மூன்றையும் மாற்றிப் பார்த்தோம். செலவு சொற்பம், பல கசிவுகள் இதிலேயே நின்றுவிடும். இது நிற்கவில்லை.

டேங்கைக் காலி செய்யும்போது விமானத்துக்கும் பீப்பாய்க்கும் எர்த் கம்பி கட்டாயம். ஆவி காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். காற்றை ஓடவிட்டு, ஆவிமானி அனுமதித்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். சாதாரண டார்ச், மின் டிரில் இரண்டும் ஆகாது.

அழுத்தச் சோதனைக்கு 0.5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு அரை பவுண்டு) போதும். நீர் நிரப்பிய அளவுக்குழாயில் அது சுமார் 35 செ.மீ. நீர் உயரம். இந்தச் சிறு அழுத்தமே ஒரு சதுர அடித் தகட்டை 33 கிலோ பாரத்தால் தள்ளும்; கம்ப்ரஸரை நேரே இணைத்தால் இறக்கை உப்பிவிடும். வெளியே சொட்டும் ரிவெட்டில் கோளாறு இருக்க வேண்டியதில்லை. பெட்ரோல் உள்ளே ரிப் ஓரமாக ஓடி வேறோரிடத்தில் வெளிவரும். அதனால் வெளிப்புறக் கசிவில் மெல்லக் காற்றைச் செலுத்தி, உள்ளே சோப்பு நீர் எங்கே நுரைக்கிறது என்று பார்த்தோம்.

முடிவைத் தீர்மானித்தது ஒரு பிளாஸ்டிக் சுரண்டிதான். உலோகச் சுரண்டி அலுமினியத்தின் காப்புப் பூச்சைக் கீறிவிடும். பழைய சீலன்ட் ரப்பர் போலப் பிடித்திருந்தால், கசியும் இடத்தைச் சுற்றி மட்டும் எடுத்து ஒட்டுப் போடலாம். நாடா போல உரிந்து அடியில் பளிச்சென்ற தகடு தெரிந்தால் ஒட்டு நிற்காது, கசிவு அடுத்த மூலைக்குப் போகும். இங்கே டேங்கின் கேபின் பக்க அறையில் மட்டும் அப்படி உரிந்தது, மற்றவை உறுதியாக இருந்தன. ஆகவே அந்த ஓர் அறையின் பழைய சீலன்ட்டை முழுதாகப் பிரித்தெடுத்துப் புதிதாக அடைத்தோம்.

பிளாடர் எனும் ரப்பர் பையையும் யோசித்தோம். சீலன்ட் தொல்லை தீரும். ஆனால் எடை கூடும், கொள்ளளவு குறையும், பையின் சுருக்கங்களில் தண்ணீர் தங்கும். அது எஞ்சினுக்குப் போனால் ஆபத்து. மாற்றத்துக்கு விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் ஏற்பும் வேண்டும். ஓர் அறைக்காக அது தேவைப்படவில்லை.

சீலன்ட் குறியீட்டில் 'ஏ' பிரஷ்ஷுக்கு, 'பி' கெட்டியாகப் பூச. 'பி-2' என்றால் கலந்தபின் வேலை செய்ய இரண்டு மணி நேரம், அதுவும் 25 டிகிரியில். ஓசூர் மார்கழிக் குளிரில் இறுக நாள் கூடும். கிருஷ்ணகிரிக் கோடையில் பூசும்போதே கெட்டியாகும். நாங்கள் வாங்கிய வகையில் மூலப் பசையும் அதை இறுக்கும் கலவையும் எடையில் 10:1. கண்ணளவு உதவாது, கிராம் தராசு வேண்டும். சுத்தம் செய்யும் கரைப்பான் காயும் முன்னே உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும், இல்லையேல் பிசுக்கு அங்கேயே படிந்துவிடும். திறக்கும் மூடித் தகட்டுக்குக் குறைந்த ஒட்டுதிறன் கொண்ட தனி சீலன்ட் உண்டு. வழக்கமானதைப் பூசினால் அடுத்த முறை தகடு வளைந்துதான் வரும்.

அதே கலவையில் ஒரு துளியைத் தகட்டுத் துண்டில் தடவி டேங்க் அருகிலேயே வைத்தோம். அது நகத்துக்கு அழுந்தாத அளவுக்கு இறுகும்வரை பெட்ரோல் ஊற்றக் கூடாது. பிறகு மறுபடி அழுத்தச் சோதனை, நிறைய நிரப்பி ஓர் இரவு, ஏஎம்இ எனும் விமானப் பராமரிப்புப் பொறியாளரின் கையெழுத்து. இறக்கை வளையும்போதுதான் சில கசிவுகள் திறக்கும். முதல் பறப்பு முடிந்து இறங்கியதும் இறக்கையடியில் ரிப் ஓரத்தைப் பார்த்துவிட வேண்டும்.