பொங்கலுக்கு முன் கழுவிய சோபா

2025 பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, சிங்கப்பூரில், ஈஷூனில் இருக்கும் எங்கள் வீட்டு சோபாவையும் கார்ப்பெட்டையும் கழுவ ஆள் கூப்பிட்டேன். ஜனவரி 9, வியாழக்கிழமை. சோபா சாதாரணத் துணி சோபாதான். கார்ப்பெட் அப்படி இல்லை. நான் தொடக்கப்பள்ளியில் படித்தபோது அப்பா அரப் ஸ்திரீட் கடையில் பேரம் பேசி வாங்கி, தோளில் சுமந்து வந்த சுத்தக் கம்பளி. அப்பா இல்லை இப்போது. அதனால் அதன் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் அக்கறை.

வந்தவர் நன்றாகவே தேய்த்தார். ஆனால் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் குழாயை ஒரே ஒரு தடவை ஓட்டிவிட்டு, "ஆறு மணி நேரத்துல காய்ஞ்சிடும்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. வடகிழக்குக் காற்று திடீரென்று வலுத்து, தென்சீனக் கடலின் ஈரத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வருமே, அந்த மழை. 10, 11 இரண்டு நாளில் மட்டும் சாங்கியில் 255.2 மில்லிமீட்டர் பெய்தது. ஜனவரி முழுவதற்குமான சராசரியே 222.4 தான்.

நானோ எல்லாரும் செய்வதைச் செய்தேன். ஜன்னல்களைத் திறந்து வைத்து, இரண்டு காத்தாடியைப் போட்டேன். சனிக்கிழமை காலை ஹாலுக்குள் வந்தால் ஈர நாய் வாடை. அம்மாவுக்கு இழுப்பு உண்டு. ஈரத் துணியில் பூஞ்சை பிடிக்க ஒன்றிரண்டு நாள் போதும். எனக்குப் பயமாகிவிட்டது.

இங்கிலாந்தில் லீட்ஸில் இருக்கும் தங்கையைக் கூப்பிட்டேன். அவள் ஊரில் அப்போது கடுங்குளிர். "அக்கா, நான் கார்ப்பெட் கழுவினா ஹீட்டரைப் போட்டுட்டு, நடுநடுவே பத்து நிமிஷம் ஜன்னலைத் திறந்து விடுவேன். மறுநாளே காய்ஞ்சிடும்" என்றாள். குளிரில் ஜன்னலைத் திறந்து காய வைப்பதா என்று எனக்கு விளங்கவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் என் தவறு தெரிந்தது.

5 டிகிரிக் காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும், ஒரு கன மீட்டரில் 6 கிராம் சொச்சம் தண்ணீர்தான் இருக்கும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானால், 17 கிராம் வரை தாங்கும். அதாவது தாகத்தோடு உள்ளே வருகிறது. கார்ப்பெட்டில் இருந்து குடிக்கிறது. நம் ஊரில் மழை நாளில் 24 டிகிரி, 95 சதவீத ஈரப்பதம். அந்தக் காற்று ஏற்கெனவே 20 கிராமுக்கு மேல் சுமந்துகொண்டு வருகிறது. அதற்கு மேல் அது எதைக் குடிக்கும்? காத்தாடி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அதே ஈரக் காற்றுதான் சுற்றிவருகிறது. அம்மாவின் அறையில் இருக்கும் ஈரப்பதம் காட்டும் கருவியை ஹாலில் கொண்டுவந்து வைத்தேன். 92 காட்டியது.

சரி என்று எல்லா ஜன்னலையும் சாத்தினேன். எதிர்வீட்டு மக்சிக்கிடம் (மலாய் அத்தை) ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை இரவல் வாங்கினேன். ஏர்கானை டிரை மோடில் 25இல் வைத்தேன். சீக்கிரம் காயட்டும் என்று 16, 18க்கு இறக்க வேண்டாம். துணி குளிர்ந்துபோனால் ஈரம் ஆவியாவதும் மெதுவாகிவிடும். அப்புறம், பழைய துண்டுகளைக் கார்ப்பெட்டில் விரித்து, நானும் மகனும் அடிமேல் அடிவைத்து மிதித்தோம். அதை வியாழன் இரவே செய்திருக்க வேண்டும். துணியில் இருந்து தண்ணீராகவே எடுத்துவிட்டால் ஆவியாக்க வேண்டியது அவ்வளவு குறையும். துண்டு துண்டாகப் பிழிந்தோம். கலங்கலாக ஒரு வாளித் தண்ணீர் தேறியது.

பிறகு கார்ப்பெட்டின் இரண்டு ஓரத்தையும் காலி மைலோ டின்களின் மேல் தூக்கி வைத்து, காத்தாடியைத் தரையோடு தரையாகச் சாய்த்துக் கீழே காற்று ஓட விட்டேன். அடியில் இருப்பது டைல்ஸ். அது ஒரு சொட்டையும் உறிஞ்சாது. அடிப்பக்கத்து ஈரம் அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். சோபா மெத்தைகளைக் கழற்றிச் செங்குத்தாக நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை அந்த இயந்திரத்தின் இரண்டு லிட்டர் தொட்டியை மூன்று தடவை கொட்டினேன். கருவி 58க்கு இறங்கியது.

சோபாவின் கைப்பிடியில் மட்டும் பழுப்பாக ஒரு கோடு தோன்றியது. புதுக் கறையோ என்று மனம் பதறியது. உள்ளே தங்கிய அழுக்கு, ஈரம் மேலேறும்போது கூடவே வந்து மேலே நின்றுவிடுவது அது. வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றி, அதன் மேல் காய்ந்த துண்டைப் போட்டுப் புத்தகங்களை அடுக்கி ஒரு ராத்திரி வைத்தேன். முக்கால்வாசி போய்விட்டது.

கம்பளியில் இன்னொரு சங்கதி இருக்கிறது. தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டும் கைக்குக் காய்ந்தது போலவே இருக்கும். திங்கட்கிழமை தடவிப் பார்த்து முடிந்தது என்றே நினைத்தேன். ஓரத்தைத் தூக்கினால் கனம் குறையவில்லை. மூக்கை வைத்தால் அடியில் வாடை. அதனால் பொங்கலன்று ஹாலில் அதை விரிக்கவில்லை. வெறும் டைல்ஸில்தான் கோலம் போட்டு, பால் பொங்கவைத்து, தேக்காவில் வாங்கிய கரும்பைச் சாத்தி வைத்தோம். வியாழக்கிழமைதான் கார்ப்பெட் முழுக்கக் காய்ந்தது. கழுவி ஒரு வாரம்.

இப்போது பொங்கலுக்கு உலர்ந்த தூசி உறிஞ்சுவதோடு சரி. தண்ணீர் விட்டுக் கழுவுவதைப் பிப்ரவரிக்குத் தள்ளிவிட்டேன். நம் ஊரில் மழை ஆகக் குறைவாகப் பெய்யும் மாதம் அதுதான். பிற்பகல் காற்றும் நன்றாக உலர்ந்திருக்கும், அன்று ஜன்னலைத் திறக்கலாம். கழுவ வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "தண்ணி விடாம, உறிஞ்சும் குழாயை மட்டும் இன்னும் மூணு தடவை ஓட்டுங்க. நேரத்துக்குத் தனியா காசு தர்றேன்." போன தடவை வந்த தம்பி நான்கு தடவை ஓட்டினார். மாலை விளக்கேற்றும் நேரத்துக்கு அம்மா அந்த சோபாவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.