வெள்ளைப் பின்னணியில் பித்தளைச் சிமிழ்: வீடியோவுக்கு ஒளியமைத்துப் பார்த்தது

பொருள்: 5 செ.மீ. உயரக் குங்குமச் சிமிழ். தேவை: 20 விநாடி வீடியோ, பின்னால் அப்பழுக்கில்லாத வெள்ளை. கேமரா: போன்தான். ஆனால் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்), ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரம்), ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையின் நிறச்சாயல்) மூன்றையும் கையால் பூட்டவும் ஜீப்ரா கோடு (வெளிச்சம் குறித்த அளவைத் தொட்ட இடத்தில் திரையில் வரும் சாய்கோடுகள்) பார்க்கவும் வசதியுள்ள ஆப் வேண்டும்.

முதல் அமைப்பு. சார்ட் பேப்பரைச் சுவரிலிருந்து மேசைக்கு வளைத்து இறக்கி, மேலே ஒரே விளக்கு. பேப்பர் சாம்பலாக வந்தது. ஃபிரேம் முழுக்க வெள்ளையாக இருந்தால் ஆட்டோ எக்ஸ்போஷர் வெளிச்சம் அதிகம் என்று எடுத்துக்கொண்டு இறக்கிவிடும். கையால் ஏற்றினால் பேப்பர் வெளுக்கிறது, சிமிழும் சேர்ந்து வெளுத்துப் பித்தளையின் மஞ்சள் போய்விடுகிறது. போட்டோ என்றால் பின்னணியை வெட்டி எடுத்துவிடலாம். இங்கே விநாடிக்கு 25 வீதம் 500 ஃபிரேம். வெள்ளை விளக்கிலேயே வந்தாக வேண்டும். அதற்குப் பின்னணிக்குத் தனி விளக்கு, பொருளுக்குத் தனி விளக்கு.

இரண்டாவது அமைப்பு. சிமிழ், பேப்பருக்கு 60 செ.மீ. முன்னால். பேப்பரை நோக்கி இருபக்கமும் 12 வாட் எல்இடி பல்பு, 45 டிகிரி சாய்வில். பல்புக்கும் சிமிழுக்கும் இடையில் கறுப்பு சார்ட் மறைப்பு. பொருள் விளக்கை அணைத்துப் பார்த்தால் சிமிழ் நிழலுருவம்போலக் கறுத்துத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எங்கோ வெளிச்சம் கசிகிறது. அறை டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். எல்லா பல்பும் ஒரே வகை, 6500 கெல்வின் (குளிர்வெள்ளை), சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு) 90க்கு மேல்.

அளவு பார்க்க லைட் மீட்டர் தேவையில்லை. அதே பேப்பரில் ஒரு துண்டைச் சிமிழ் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஐஎஸ்ஓவை 100-இலும் ஜீப்ராவை 100-இலும் (முழு வெள்ளை) வைத்து, பின்னணியில் கோடு 1/100 ஷட்டரிலும் துண்டில் 1/50-இலும் தொடங்கும்படி விளக்குகளைத் தள்ளி வையுங்கள். வித்தியாசம் சரியாக ஒரு ஸ்டாப், அதாவது துண்டைவிடப் பின்னணியில் இருமடங்கு வெளிச்சம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த இரண்டு ஷட்டரிலும் மினுக்கல் வராது. பிறகு 1/50-இலேயே வைத்து, ஐஎஸ்ஓவை 100-இலிருந்து 64-க்கு இறக்கிப் படம்பிடிக்கலாம். மலிவான டிம்மர் வேண்டாம், திரையில் பட்டை ஓடும். தூரத்தை இருமடங்காக்கினால் வெளிச்சம் ஏறக்குறைய கால் பங்காகும், அதுவே போதும்.

பின்னணியை இதற்கு மேல் ஏற்றினால் வெளிச்சம் விளிம்பைத் தின்றுவிடும். ஃபிரேமுக்கு வெளியே தெரியும் வெள்ளையையும் கறுப்பு சார்ட்டால் மூடினால் லென்ஸில் புகைமூட்டம் குறையும்.

பித்தளையில் நாம் பார்ப்பது அதன் எதிரே இருப்பதைத்தான். நேரடி பல்பு வெறும் புள்ளியாக விழும். சிமிழுக்கு 15 செ.மீ. பக்கத்தில் டிரேசிங் பேப்பர் ஒன்றைக் கட்டி, அதற்குப் பின்னால் ஓரமாக பல்பை வைத்தால், வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மெல்லக் கரைந்து, சிமிழின் உருண்டை கண்ணுக்குப் பிடிபடும். விளிம்பு வெள்ளையில் கரையாமல் இருக்க, ஃபிரேமுக்குச் சற்று வெளியே இருபுறமும் 2 செ.மீ. அகலக் கறுப்புப் பட்டை. இந்தப் பட்டைகள்தான் முழு அமைப்பிலும் மிகப் பெரிய மாற்றத்தைத் தந்தவை. புளி போட்டுத் துலக்கியதும் உடனே காய்ந்த துணியால் துடைக்க வேண்டும், இல்லையேல் நீர்த்திட்டு குளோசப்பில் பூதாகரமாகத் தெரியும்.

மீதமிருந்த குறை: பின்னால் வெள்ளை, சிமிழின் காலடியில் சாம்பல். மூன்றாவது அமைப்பு இதற்காகவே. 3 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக் தகட்டைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, கீழே 9 வாட் பல்பு, இடையில் பட்டர் பேப்பர். தகட்டின் மேல் ஜீப்ரா கோடு தொடங்கும்வரை பல்பைக் கீழே இறக்கவோ ஏற்றவோ செய்யலாம். கீழ்வெளிச்சத்தில் சிமிழ் மிதப்பதுபோலத் தெரிந்தால், அதன் அடியைவிடச் சற்றுச் சிறிய கறுப்பு வட்டத்தை வெட்டி அடியில் வையுங்கள். பளபளப்புத் தகட்டில் விழும் மெல்லிய பிரதிபலிப்பும் பொருளைத் தரையில் உட்கார வைக்கும்.

அசைவுக்கு சுழல்மேசை இந்த அமைப்பில் ஒத்துவரவில்லை. தகட்டின் ஒளியை மறைக்கிறது. பதிலாக, டிராயர் சேனல் (இழுப்பறை வழுக்கி ஓடும் தண்டவாளம்) ஒன்றில் பொருள் விளக்கை மாட்டி, டிரேசிங் பேப்பருக்குப் பின்னால் 6 விநாடியில் 20 செ.மீ. நகர்த்தினால், சிமிழின் மேல் ஒளி மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். பின்னணி விளக்குகள் அசையாததால் வெள்ளை அப்படியே நிற்கும்.